புன்னைவிளைத் தையல் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி

புன்னைவிளைக்குத் தையல் பள்ளிக்கூடம் எதற்காக வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஊரார் கேட்டது ஒரு பாலம். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் கோட்டாற்றுச் சந்தைக்கும் போக முடியாது, அக்கரையில் அய்யாவைக் கும்பிடுகிற இடமான தாங்கலுக்கும் போக முடியாது. பாலம் வேண்டும் என்று திருவிதாங்கூர் சர்க்காரிடம் பல வருஷம் கேட்டுப் பார்த்தார்கள். நாற்பத்தேழாம் வருஷம் ஆவணியில், ஓடு வேய்ந்த நீளக் கட்டடம் ஒன்று எழும்பியது. பெண்களுக்குத் தொழில் கற்பிக்கிற பள்ளிக்கூடம் என்றார்கள். கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அதனால் அதை வைத்துக்கொண்டார்கள்.

பெரிய அறை ஒன்று, அதற்கு முன்னால் வராந்தா, அவ்வளவுதான் கட்டடம். அறைச் சுவரில் ஆள் உயரத்தைவிடப் பெரிய ஒரு கண்ணாடி. தைத்த சட்டையை உடுத்தி நின்று பார்ப்பதற்காக அதைத் திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். ரவிக்கையை எங்கள் பக்கத்தில் சட்டை என்றுதான் சொல்வது. கொத்தனார் அவசரக்காரர். வாசல் நிலை வைப்பதற்கு முன்பே கண்ணாடியைச் சிமெண்டு பூசிச் சுவரோடு சேர்த்துவிட்டார். பிறகு வைத்த வாசல் கண்ணாடியைவிடச் சின்னது. அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஓமனா டீச்சர் மூன்று வருஷம் அங்கே கற்றுக்கொடுத்தார். கண்டிப்பானவர். கோணலாக ஓடிய தையலைப் பிரிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். அவரிடம் படித்தவர்களில் முத்துக்கனிதான் கெட்டிக்காரி. அவள் புருஷன் கொழும்புக்குப் போனவன். அங்கிருந்து ஒரு கை மிஷின் அனுப்பினான். அதன்பிறகு ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. அண்ணன் தங்கையன் வீட்டில் ஒரு மூலையில் அவள் இருந்தாள்.

திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். இரண்டு அடுக்களையை ஒன்றாக்கினால் முதலில் காணாமல் போவது சின்னப் பாத்திரம்தான். ஐம்பதாம் வருஷம் ஒரு லாரி வந்து மிஷின்களையும் மேசைகளையும் கத்திரிகளையும் ஏற்றிக்கொண்டது. கண்ணாடியை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுக்க வேண்டுமானால் சுவரை இடிக்க வேண்டும். சுவரை இடிக்க வேறொரு இலாகா உத்தரவு கொடுக்க வேண்டும். லாரிக்காரன் அந்தி மயங்குமுன் நாகர்கோவில் போய்ச் சேர வேண்டும் என்றான். கண்ணாடியை விட்டுவிட்டுப் போனார்கள்.

ஓமனா டீச்சர் கிளம்பும்போது முத்துக்கனியைக் கூப்பிட்டுச் சாவியை நீட்டினார்.

"தாக்கோல் உனக்க கையில இருக்கட்டு. அப்பப்ப அடிச்சு வாரிப் போடு. பள்ளிக்கூடம் திரும்பத் தொறக்கும்ப நீதான் இங்க டீச்சர், கேட்டியா?"

சர்க்கார் ஆட்கள் ஒரு ஊரை விட்டுப் போகும்போது இப்படி ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். முத்துக்கனி மறக்கவில்லை. அதுதான் அவளுடைய கஷ்டத்துக்கெல்லாம் ஆரம்பம்.

வீட்டில் தைக்க வழியில்லை. "உனக்க மிஷினு கடகடங்கதுல பிள்ள ஒறங்கமாட்டேங்கு" என்று அண்ணன் பெண்டாட்டி அன்னக்கிளி தினமும் சொன்னாள். முத்துக்கனி மிஷினைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கதவைத் திறந்து, கண்ணாடிக்கு முன்னால் பாயை விரித்துத் தைக்கத் தொடங்கினாள். கோட்டாற்றில் தையற்கடைகள் உண்டு. ஆனால் அங்கே அளவெடுப்பதெல்லாம் ஆண்கள். புன்னைவிளைப் பெண்கள் அவர்கள் முன்னால் போய் நிற்க மாட்டார்கள். இங்கே கதவை அடைத்துக்கொண்டு அளவு கொடுக்கலாம், போட்டுப் பார்க்கலாம், பிடித்த இடத்தைத் தளர்த்தலாம். மீன் கூடையோடு வரும் கடியப்பட்டணம் நேசம்மாள்கூடக் கூடையை வராந்தாவில் இறக்கிவிட்டு உள்ளே வந்து அளவு கொடுத்தாள். முத்துக்கனி தன் சோற்றைத் தானே சம்பாதித்தாள். அண்ணன் வீட்டில் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

அப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பகவதியம்மாள் சட்டை தைக்க வந்தாள்.

பகவதியம்மாள் கருப்பட்டி வியாபாரம் செய்பவள். முத்துக்கனிக்குத் தூரத்து அத்தை முறை. ஆண்பிள்ளைகளோடு சரிக்குச் சரியாக நின்று சந்தையில் விலை பேசுவாள். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவள், தன்னைத் தலைமுதல் கால்வரை முழுதாகப் பார்த்தாள்.

மற்ற ஊர்க்காரிகள் கண்ணாடியைக் கண்டால் முடியைச் சரிசெய்துகொள்வார்கள். அய்யாவழிக்காரர்கள் சங்கதி வேறு. தாங்கலில் சிலை கிடையாது. ஒரு கண்ணாடி, அதற்கு முன்னால் ஒரு விளக்கு. உனக்குள் இருப்பவரைப் பார்த்துக் கும்பிடு என்பது முறை. புன்னைவிளை வீடுகளில் இருந்தவையெல்லாம் கையகலக் கண்ணாடிகள். இவ்வளவு பெரிய கண்ணாடிக்கு முன்னால் பகவதியம்மாள் நின்றதெல்லாம் தாங்கலில்தான். கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"அத்தே, கையைத் தாழ்த்துங்கோ. கக்கத்துல பிடிக்கான்னு பாக்கணும்."

"இரிட்டி. ஒரு நிமிசம்" என்றாள் பகவதியம்மாள். கண்கள் நிறைந்திருந்தன.

அது மழைக்காலம். ஓடை கரைபுரண்டு ஓடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கரைத் தாங்கலுக்குப் போக முடியாத பகவதியம்மாள், ஒரு குத்துவிளக்கைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்துக் கண்ணாடி முன்னால் ஏற்றி வைத்தாள். அவளைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அறை நிறைந்தது. பாலம் வராத ஊருக்குப் பாலம் செய்ய வேண்டிய வேலையைப் பள்ளிக்கூடம் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பலசரக்குக்கடை கோலப்பன் நெற்றியில் நாமமிட்டு, தலைப்பாகை கட்டிப் பணிவிடை செய்ய முன்வந்தான். கோலப்பன் கெட்டவன் இல்லை. தன் கடை அரிசியில் கஞ்சி காய்ச்சி ஏழைக்கும் பாழைக்கும் ஊற்றியவன். என்ன, எந்தக் காரியத்திலும் தான் முன்னால் நிற்க வேண்டும்.

"மக்கா, மிஷினை லேசா அங்கோட்டு நீக்கி வையி. சனம் நிக்க எடம் வேணும்லா" என்றான்.

"செரி அண்ணாச்சி" என்றாள் முத்துக்கனி.

பிறகு மூலைக்குப் போகச் சொன்னான். அதற்கும் சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எரிந்த விளக்கு எல்லா நாளும் எரியத் தொடங்கியபோது, "தைக்கதை வராந்தாவுல வச்சுக்கிட்டா என்ன? காத்தும் வரும்" என்றான். அதற்கும் சரி என்றாள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்கள். இங்கே பிடுங்கியது மடமே அல்லவா, யாரிடம் போய்ச் சொல்வது? அவளும் அய்யாவைக் கும்பிட்டு வளர்ந்தவள்தான். ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சியை வாங்கிக் குடிப்பவள்தான். விளக்கை எடு என்று சொல்ல அவளுக்கு வாய் வருமா? வரவில்லை. ஆனால் வராந்தாவில் உட்கார்ந்து தைக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

வராந்தாவில் காற்று வந்தது உண்மை. அந்த வழியாக ஊரும் வந்தது. தெருவைப் பார்த்து நின்றுகொண்டு எந்தப் பெண் சட்டையைக் கழற்றுவாள்? உள்ளேயோ விளக்கு எரிகிறது. தாங்கலாகிவிட்ட இடத்தின் கதவை அடைக்கவும் கூடாது. அதனால் அளவெடுப்பது நின்றுபோனது. "பழைய சட்டை தாறேன், அதே அளவுல தச்சிரு" என்று எல்லாரும் சொல்லத் தொடங்கினார்கள். நேசம்மாள் ஒருத்திதான் உடைத்துச் சொன்னாள்.

"நான் மீனு கூடைக்காரி. உங்க கோயிலுக்குள்ள வந்து நிக்கது செரியில்ல. வராந்தாவுல நின்னு கழத்தவும் முடியாது. கொளச்சல்ல எங்கயாவது பாத்துக்கிடுகேன், தங்கச்சி."

பிறகு அவள் வரவில்லை. மற்றவர்கள் பழைய சட்டையைக் கொடுத்துப் புதுச் சட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். வருஷங்கள் ஓடின. தமிழ்ப் பகுதியைப் பிரிக்கச் சொல்லி நாட்டில் போராட்டம், ஊர்வலம், துப்பாக்கிச்சூடு எல்லாம் நடந்தது. தமிழ்த் தாலுகாக்கள் ஐப்பசியில் மதராசோடு சேரப்போகின்றன என்று ஐம்பத்தாறில் உறுதியாயிற்று.

ஒரு சர்க்காரிடமிருந்து இன்னொரு சர்க்காருக்குக் கைமாறும் முன்னால் எதெல்லாம் இருக்கிறது, எதெல்லாம் இல்லை என்று பார்க்க வேண்டுமாம். புரட்டாசியில் கிராம அலுவலர் வந்து சொன்னார்: தையல் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட அதிகாரி வருகிறார். அங்கே தொழில் நடந்தால் பள்ளிக்கூடமாக எழுதுவார்கள். இல்லாவிட்டால் சர்க்கார் நெல் அடுக்குகிற கிட்டங்கி. வரப்போகும் அதிகாரி வேறு யாரும் இல்லை, பதவி உயர்ந்த ஓமனா டீச்சர்தான்.

ஊர் கலங்கிப்போனது. அய்யா விளக்கு எரிந்த இடத்தில் நெல் மூட்டையா? கோலப்பன்தான் வழி கண்டுபிடித்தான். முத்துக்கனி வீட்டுக்கே வந்தான்.

"மக்கா, ஒரு நாளைக்கு மிஷினை உள்ள போட்டுத் தையி. பொம்பளையள நான் கூட்டியாறேன், படிக்க வந்த மாதிரி இருந்துக்கிடட்டு. டீச்சரம்மா கையெழுத்துப் போட்டுட்டுப் போனதும் பழையபடி விளக்கைக் கொண்டு வச்சிருவோம். ஆருக்கும் நட்டமில்ல."

"செரி அண்ணாச்சி" என்றாள் முத்துக்கனி. இந்தத் தடவை அவள் சரி என்றதற்கு அர்த்தம் வேறு. கோலப்பனுக்கு அது ஒரு நாள் வேஷம். அவளுக்கு அது உண்மையாகிவிட வேண்டும். அறை திரும்பக் கிடைக்க வேண்டும், ஓமனா டீச்சர் சொன்ன வார்த்தை பலிக்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் வீட்டு மூலைதான் கடைசிவரைக்கும்.

விளக்கைக் கடைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். கண்ணாடிக்கு மேலே புகை படிந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அடித்தார்கள். மிஷின் அறை நடுவில் வந்தது. அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஊசியும் துணியுமாக உட்கார்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஆண்கள் வராந்தாவில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

ஓமனா டீச்சருக்கு மூக்குக்கண்ணாடி வந்திருந்தது, காதோரம் நரைத்திருந்தது. "முத்துக்கனி, நீ மெலிஞ்சு போனியே" என்றார். சுவரில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளையாக இருந்ததைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர்களுக்குப் பிள்ளைகள் எதையோ மறைக்கிறார்கள் என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். எப்போது கேட்பது என்பதும் தெரியும்.

முத்துக்கனி வெட்டிய துணியைப் பார்த்தார், காஜாவை விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். "கொள்ளாம். இனி ஆளுக்கு இட்டுக் காட்டு."

இப்படி ஒரு பரீட்சை வரும் என்று கோலப்பன் நினைக்கவில்லை, யாரும் நினைக்கவில்லை. விளக்கை எடுத்தாயிற்று என்பது சரிதான். அதனால் மட்டும் அது வெறும் கண்ணாடி ஆகிவிடுமா? பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டுக் காட்டத் தயாராக இருந்த புதுச் சட்டை ஒன்றே ஒன்று. அது பகவதியம்மாளுக்குத் தைத்தது.

பகவதியம்மாள் எழுந்தாள். கண்ணாடி முன்னால் போய் நின்றாள். ஓமனா டீச்சர் கதவை ஒருச்சாய்த்தார். தோளில் கிடந்த நேரியலை எடுத்து முத்துக்கனியிடம் கொடுத்துவிட்டு, பகவதியம்மாள் சட்டையை மாற்றினாள்.

மேல் கொக்கி மாட்டியது. நடுக் கொக்கிகள் மாட்டவில்லை. இழுத்துப் பார்த்தாள். நாலு விரற்கடை இடைவெளி. அவள் பழைய சட்டைக்கு அளவு வைத்து வெட்டிய சட்டை அது. அந்தப் பழைய சட்டை அதற்கும் பழைய சட்டைக்கு அளவு வைத்து வெட்டியது. பகவதியம்மாளோ இந்த வருஷங்களில் நன்றாகவே பருத்துவிட்டாள். முத்துக்கனி மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் அவரவர் நேரியலை இழுத்து மூடிக்கொண்டார்கள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஊரிலுள்ள பெண்கள் எல்லாரும் கொக்கி மாட்டாத சட்டைக்கு மேலே நேரியலைப் போட்டு மறைத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சொன்னால், உள்ளே வந்து அளவு கொடு என்று அவள் கேட்பாள். அதற்குப் பயந்து சொல்லவில்லை.

"இது எப்ப எடுத்த அளவு?" என்று கேட்டார் ஓமனா டீச்சர்.

முத்துக்கனி பகவதியம்மாளின் பழைய சட்டையை எடுத்து நீட்டினாள்.

"டேப்பை ஆளு மேல வைக்காதவ பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பா?" டீச்சர் பேனாவை மூடினார்.

பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது முத்துக்கனிக்கு. இவர்கள்தான் காரணம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

"டீச்சரம்மா, பேனாவை மூடாதீங்கோ" என்றாள் பகவதியம்மாள். பாதி மாட்டிய சட்டையோடு அப்படியே நின்றாள். "இவ மேல தப்பு இல்ல. இந்த அறையில விளக்கைக் கொண்டு வச்சது நானாக்கும். அன்னையிலருந்து இவளை எங்க மேல டேப்பு வைக்க விடல்ல. சொவரைப் பாத்தியள்லா, அந்த வெள்ளை அதுக்குத்தான். ஏட்டி முத்துக்கனி, எடு அளவை."

உண்மையைப் போட்டு உடைத்ததில் வராந்தாவில் இருந்த கோலப்பனுக்குப் பதறியது. தெருவைப் பார்த்தபடியே கத்தினான்.

"பகவதியக்கா! அய்யா முன்னால நின்னா சட்டையைக் கழத்துகது?"

"ஏலே கோலப்பா, எனக்க பாட்டியளுக்க காலத்துல தோளுல சீலை போட்டதுக்கு மேல்சாதிக்காரனுவ நடுத்தெருவுல வச்சு இழுத்துக் கிழிச்சானுவ. நீங்க மானமாப் போடுங்கன்னு சொன்னது ஆருலே? அய்யாதானே? அவரு முன்னால சட்டைக்கு அளவு எடுக்காம, பின்ன போலீசு டேசன்லயா போயி எடுக்கது?"

உள்ளே ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி மூக்கை உறிஞ்சினாள். முத்துக்கனி டேப்பை எடுத்துக்கொண்டு பகவதியம்மாளுக்கு முன்னால் மண்டியிட்டாள். அளவைப் படித்தாள், ஒரு தடவை சரிபார்த்தாள். பக்கத் தையலைப் பிரித்து, உள்மடிப்பில் விட்டிருந்த துணியை எடுத்து, போதாததற்கு மிச்சத் துணியில் ஒரு பட்டை வெட்டிச் சேர்த்தாள். ஓமனா டீச்சர் பியூனைச் சாப்பிட அனுப்பிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். கோணலாக ஓடிய ஓரிடத்தைப் பிரிக்கச் சொன்னார். பிரித்துத் தைத்தாள்.

கொக்கி எல்லாம் மாட்டியது. பகவதியம்மாள் இரண்டு கையையும் உயரத் தூக்கி இறக்கினாள். "நல்லா மூச்சு விடலாம்ட்டி" என்றாள்.

டீச்சர் எழுதி முடித்தார். போகும்போது வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பள்ளிக்கூடம்னு எழுதியிருக்கேன், இவளையும் எழுதியிருக்கேன். மெட்ராசுக்காரங்க என்ன செய்வாங்கன்னு எனக்கு அறியாது. ஆனா அவங்க வந்து பாக்கும்ப இது பள்ளிக்கூடமா இருக்கணும். நான் பொய் எழுதினவளா ஆகப்பிடாது."

ஜீப் ஓடையைத் தாண்டியதும் கோலப்பன் கடைக்கு ஓடினான். துடைத்து வைத்திருந்த குத்துவிளக்கோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"காரியம் முடிஞ்சு. மக்கா, மிஷினை வராந்தாவுக்கு எடுப்போமா?"

"எடுக்காண்டாம், அண்ணாச்சி" என்றாள் முத்துக்கனி.

கோலப்பனுக்கு விளங்கவில்லை. அவள் வேறு மாதிரிப் பதில் சொல்லி அவன் கேட்டதில்லை.

"எனக்கும் அய்யா உண்டு, அண்ணாச்சி. ஆனா விளக்கு இந்த அறையில வேண்டாம். இங்க இனி பொம்பளைய சட்டை மாத்தணும். அதுக்குக் கதவை அடைக்கணும். அய்யாவுக்க கதவை அடைக்கப்பிடாதுல்லா." வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

கோலப்பன் உள்ளே இருந்த பெண்களைப் பார்த்தான். யாராவது தனக்காகப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தான். பகவதியம்மாள் வந்து அவன் கையிலிருந்து விளக்கை வாங்கிக்கொண்டாள்.

"எனக்க கருப்பட்டிப்புரை காலியாத்தான் கெடக்கு. அங்க வைப்போம். கோட்டாத்துல ஒரு கண்ணாடி வாங்கிக்கிடலாம். மொகம் தெரிஞ்சா போதும்லா. வாலே."

அவள் முன்னால் நடந்தாள். ஆண்கள் பின்னால் போனார்கள். கோலப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, வேகமாக நடந்து, எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டான்.

பெண்கள் போகவில்லை. ஊசியும் துணியும் மடியில் கிடக்க, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள்.

"அடுத்தாப்ல ஆரு?" என்று கேட்டாள் முத்துக்கனி.

தங்கையன் பெண்டாட்டி அன்னக்கிளி எழுந்து நேரியலின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் வந்து நின்றாள். நாத்தனாரின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

முத்துக்கனி போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. கத்திரியின் பிடியால் ஓங்கித் தட்டினாள். தாழ் விழுந்தது.